ஒரு நாள் தூரம்

செங்கல்பட்டிலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில் உட்கார்ந்திருந்தேன். மாம்பலத்தில் தங்கை மகள் வீட்டுக்குப் பயணம். தாம்பரம் தாண்டியதும், அடுத்து தாம்பரம் சானடோரியம் என்று பெட்டிக்குள் அறிவிப்பு வந்தது. எதிரே, கழுத்தில் அடையாள அட்டை தொங்க உட்கார்ந்திருந்த பெண் போனில், "சானடோரியம் வந்துட்டேன்டி, அஞ்சே நிமிஷம்" என்று சொல்லியபடி எழுந்து கதவுப் பக்கம் போனாள். பக்கத்து மெப்ஸ் தொழில் வளாகத்தில் ஏதாவது கம்பெனியில் வேலையாக இருக்கும். அவளுக்கு அது இறங்குகிற ஸ்டேஷன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. "தாத்தா தாம்பரத்துல இருந்தப்ப" என்பாள் அம்மா. அதற்கு மேல் கேட்டால் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவாள்.

தாத்தா காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி நெய்தவர். எங்கள் வீடு குறுகலாக, நீளமாக இருக்கும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், நடுக்கூடத்தில் தறி. குழியில் காலை விட்டு உட்கார்ந்தாரென்றால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பார். வெயிலும் காற்றும் பாவில் படக்கூடாது என்று இருந்த ஒரு ஜன்னலையும் சாத்தியே வைத்திருப்பார்களாம். அவருக்கு இருமல் வந்தது. பனி இருமல் என்றார்கள், புகையிலை இருமல் என்றார்கள். ஆடாதோடைக் கஷாயமும் தூதுவளை ரசமுமாக ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. சளியில் ரத்தம் கண்ட பிறகுதான் அப்பா அவரைச் சென்னைக்குக் கூட்டிப்போய் நெஞ்சுப் படம் எடுத்தார்.

பாட்டி முன்பே போய்விட்டாள். தாத்தாவுக்கு எல்லாம் செய்தது அத்தைதான், என் அப்பாவின் தங்கை. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். மண்சட்டியில் சாம்பல் போட்டுப் படுக்கையோரம் வைப்பாள். விடிந்ததும் அதைக் கொல்லைக்கு எடுத்துப்போய்க் குழிதோண்டிப் புதைப்பாள். ராத்திரி இருமல் தாங்காமல் அவர் எழுந்து உட்கார்ந்தால், சாய்ந்துகொள்ள அவள் தோளைக் கொடுப்பாள். தாத்தாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். மாடத்தில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். பயம் முழுக்க அந்தத் தட்டின் மேலேதான் இருந்தது. படுப்பதோ எல்லாரும் அதே கூடத்தில், சாத்திய ஜன்னலுக்குள். காசநோய்க் கிருமி இருமுகிறவரின் மூச்சோடு காற்றில் வருகிறது என்று அந்த வீட்டில் சொல்ல ஆள் இல்லை.

தாத்தாவைச் சேர்த்த தாம்பரம் சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியை 1928ல் தொடங்கியவர் டாக்டர் சவரிமுத்து. இங்கிலாந்தில் காசநோய் வைத்தியம் பார்த்துவிட்டு வந்தவர். அரசாங்கம் எடுத்துக்கொண்டது பிற்பாடு. தாத்தா அங்கே இருந்த காலத்தில் நல்ல காற்று, படுக்கை, பால், முட்டை, கடைசிப் பக்கம் கொஞ்சம் ஊசி என்று வைத்தியம் நடந்திருக்கிறது. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல்பட்டில் ரயில் மாறிப் போய் வருவார். அத்தையும் அடம்பிடித்து ஒருமுறை கூடப் போனாளாம். திறந்த வராந்தாவில் வரிசையாகக் கட்டில்கள், எல்லாரும் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தார்கள் என்று அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். தாத்தா திரும்பி வந்து இரண்டு வருஷம் இருந்தார். அவர் போன பிறகு, 1956ல், சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று வந்தது. சென்னையின் ஏழை வீடுகளில் வைத்தே மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டு, சானடோரியத்தில் படுக்க வைத்தவர்களுக்குக் குணமாவது போலவே இவர்களுக்கும் குணமாகிறது, வீட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று 1959ல் உலகத்துக்குச் சொன்னார்கள். அதன் பிறகு ஊர் ஊராகச் சானடோரியங்கள் மூடப்பட்டன. மருந்து சரியாகப் போனால் நோய் பரவுவது சீக்கிரமே அடங்கிவிடும். வைத்தியம் தொடங்குமுன் கடந்துபோகிற மாதங்களில்தான் கூட இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். அத்தை தாத்தாவுக்குத் தோள் கொடுத்தது அந்த மாதங்களில்.

அத்தை இருமியதே இல்லை. நான் பார்த்த அத்தைக்கு நெஞ்சில் ஒரு கோளாறும் கிடையாது. இதை எத்தனை முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேனோ தெரியவில்லை.

கல்யாணமாகிப் பக்கத்து ஊருக்குத்தான் போனாள். தூரமானால் மூன்று நாள் கொல்லைத் திண்ணையில் தனியாக உட்கார வேண்டிய காலம். தனிப் பாய், தூக்கி ஊற்றும் தண்ணீர், நாலாம் நாள் தலைக்குக் குளியல். அத்தைக்கு மட்டும் ஒரே நாள். அதுவும் துணி நனைந்தும் நனையாமலும். "உனக்கென்னடி, ஒரு நாள் தூரம், குடுத்து வச்சவ" என்று ஓரகத்திகள் சொல்வார்களாம். அவளும் அதை வரமென்றே நினைத்திருக்கிறாள். வயதுக்கு வந்த புதிதில் தனக்கும் மூன்று நாள் இருந்ததென்றும், வர வரக் குறைந்ததென்றும் பல வருஷம் கழித்து அம்மாவிடம் சொன்னாள். சில மாதம் தள்ளிப் போகும். உடனே மாமியார் முகம் மலரும், பால் கொழுக்கட்டை செய்வாள். நாற்பதாம் நாளோ ஐம்பதாம் நாளோ ஒரு பொட்டு ரத்தம் தெரியும். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் அவளோடு பேச மாட்டார்கள்.

"வயித்துல ஒரு புழு பூச்சி தங்கலையே" என்று பேச ஆரம்பித்தார்கள். அரசமரம் சுற்றினாள். ராமேஸ்வரம் போய் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நனைந்தாள். கோயில் மரத்தில் மஞ்சள் துணியில் தொட்டில் கட்டினாள். டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில், கர்ப்பப்பையைச் சுத்தம் பண்ணினால் தங்கும் என்று இரண்டு தடவை சுரண்டி எடுத்தார்கள். எடுத்ததை என்ன செய்தார்கள் என்று நான் பெரியவளான பிறகு கேட்டேன். "என்ன பண்ணுவாங்க, வாளியில போட்டாங்க" என்றாள். அந்த வாளியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது. அவளுக்கு என்ன நோய் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதில் கிடந்திருக்கலாம்.

எட்டு வருஷம் பொறுத்தார்கள். பிறகு மாமா இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார். அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்று, "அண்ணே, தார் சுத்த ஆள் வேணும்னியே" என்றாள். அப்பா பதில் சொல்லாமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். அவ்வளவுதான் பேச்சு. அன்று சாயங்காலமே ராட்டையின் முன் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அத்தை என்றால் முதலில் நினைவுக்கு வருவது சூடான தவிட்டு வாசனை. மாதத்தில் சில நாள் அடிவயிறு இழுத்துப் பிடிக்கும் அவளுக்கு. தூரத்தோடு சம்பந்தமில்லாமலும் வரும். இரும்புச் சட்டியில் தவிட்டைப் போட்டு, ஒரு கை கல் உப்பும் சேர்த்து வறுப்பாள். வாசனை மாறி, கொஞ்சம் கருகப் போகிற நேரத்தில் இறக்கி, அப்பாவின் பழைய வேட்டித் துண்டில் கொட்டி முடிச்சுப் போடுவாள். தன் புறங்கையில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு அடிவயிற்றில் வைப்பாள். முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். ஆறிப்போனதும் முடிச்சை நான் கொண்டுபோய் மறுபடி சட்டியில் சுடவைத்துத் தரவேண்டும். தறிக்குப் பின்னால் இருட்டில் படுத்திருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு, பாவில் எத்தனை இழை என்று என்னிடம் கணக்குக் கேட்பாள். வலியை மறக்க அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

தெருவில் வளைகாப்பு என்றால் அத்தை அன்றைக்கு ராட்டையை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள். கூப்பிட்டு யாரும் வரவும் மாட்டார்கள். அந்த வளைகாப்புப் பெண் கட்டியிருக்கும் புடவைக்குத் தார் சுற்றியது இவள் கையாக இருக்கும். அத்தை அறுபதைத் தொடுமுன் போய்விட்டாள். அவள் நோய்க்கு அதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை. அவளுக்குத்தான் பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெயரை நான் மறுபடி நினைத்துக்கொண்டது தங்கை மகளால். கல்யாணமாகி நாலு வருஷம் அவளுக்குக் குழந்தை இல்லை. படித்த பெண், நல்ல வேலை. அடிவயிற்று வலி என்று போனபோது இடுப்புக்குழியில் இன்பெக்ஷன் என்று ஓரிடத்தில் இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். கேட்கவில்லை. ஒரு நாள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, "பெரியம்மா, எனக்கு இப்பல்லாம் ஒரு நாள்தான் வருது. ஒரு பேடே அதிகம்" என்றாள். கையில் இருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். தறிக்குப் பின்னால் இருந்த இருட்டு கண்முன் வந்தது.

அவளோடு நானும் வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். வயதானவர். ஸ்கேன் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கேட்டது, "வீட்டுலயோ கூடத் தங்குனவங்களோ யாருக்காவது டி.பி. இருந்ததா?" என்று. கல்லூரி ஹாஸ்டலில் அறைத்தோழி ஒருத்தி ஆறு மாதம் மருந்து சாப்பிட்டது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "எனக்கு இருமலே இல்லையே டாக்டர்" என்றாள். டாக்டரம்மா ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டினார்.

கிருமி மூச்சோடு நுரையீரலுக்குள் போகிறது. பெரும்பாலானவர்களுக்கு அங்கேயே அடங்கிவிடும், நோயாக மாறாது. அப்படி அடங்குமுன் சில சமயம் ரத்தத்தில் ஏறிக் கருக்குழாய்க்குப் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே பல வருஷம் சத்தமில்லாமல் கிடக்கும். நெஞ்சுப் படம் எடுத்தால் சுத்தமாக இருக்கும். விழித்துக்கொண்டால் அநேகமாக இரண்டு குழாய்களையும் ஒன்றாகத் தின்னும். பெண் உறுப்புகளில் காசநோய் வந்த எல்லாருக்குமே ஏறக்குறைய குழாய்களில் நோய் இருக்கும், அவர்களில் பாதிப் பேருக்குக் கர்ப்பப்பையின் உள்தோலுக்கும் இறங்கும். அந்த உள்தோல் தழும்பாகிப் போவதால்தான் தூரம் மூன்று நாள் இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, சிலருக்கு நின்றே போகிறது. குழாயில் நீர் கட்டும், குடலும் குழாயும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது வழக்கமான இடுப்புக்குழி அழற்சி போலவே தெரியும். வயிற்றில் நீர் சேர்ந்து, சினைப்பைப் புற்றுநோயோ என்று மருத்துவர்களையே மிரட்டுவதும் உண்டு. நிறையப் பெண்களுக்கு வலிகூட இருக்காது. குழந்தை இல்லை என்று போகும்போதுதான் தெரியவரும்.

"அப்போ என் நாத்தனாருக்கு..." என்று ஆரம்பித்தாள் கூட வந்திருந்த என் தங்கையின் சம்பந்தி. டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். யாருக்கு என்ன என்று சோதித்துப் பார்க்காமல் சொல்லக்கூடாது என்றார். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இந்த நோயைக் கண்டுபிடிப்பது சுலபமில்லை. தூரத்துக்கு முந்தைய நாட்களில் கர்ப்பப்பையின் உள்தோலில் ஒரு துணுக்கு எடுத்து அனுப்புகிறார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஜீன் எக்ஸ்பர்ட் இயந்திரம் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். ஆனால் அந்தத் துணுக்கில் கிருமிகள் மிகக் குறைவாக இருப்பதால், அது இல்லை என்று சொன்னாலும் நோய் இல்லை என்று ஆகாது. இன்னொரு பக்கம், ஏதோ ஒரு டி.பி. சோதனை பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக, குழந்தையில்லாத பெண்களுக்கெல்லாம் மாத்திரையைத் தொடங்கிவிடுவதும் தப்பு. இவளுக்கு லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். அந்தப் படத்தை என்னிடம் காட்டினாள். குழாய் இருக்கவேண்டிய இடத்தில், நூலில் மணி கோத்தமாதிரி முடிச்சு முடிச்சாக ஒன்று கிடந்தது. அதன்மேல் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். அங்கிருந்து எடுத்த துணுக்கில் காசநோய்க்குரிய கட்டிகள் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது.

மருந்து ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு நாலு மாதம் மூன்று மருந்து, எடை பார்த்து இத்தனை மாத்திரை என்று கணக்கு. அரசு மையத்தில் இலவசம். ஊட்டச்சத்துக்கென்று வங்கிக் கணக்கில் அப்போது மாதம் 500 ரூபாய் போட்டார்கள், 2024 நவம்பரிலிருந்து அது 1000. முதல் நாள் மாத்திரை போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போனவள், "பெரியம்மா, ரத்தமா போகுது" என்று அலறிக்கொண்டு போன் செய்தாள். ரத்தமில்லை, ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், சிறுநீர் அப்படித்தான் ஆரஞ்சாகப் போகும் என்று மையத்திலேயே சொல்லியிருந்தார்கள். பயத்தில் அவள் காதில் விழவில்லை. ரத்தம் குறைந்துபோனதைப் பார்த்துப் பயந்தவள், அன்றைக்குச் சிவப்பைப் பார்த்துப் பயந்தாள்.

நான் அந்த வாரமே போனேன். சமையலறை மேடையின் ஓரத்தில் ஒரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அறுபது வருஷத்துக்கும் மேல் கழித்து, மாடம் போய் கிரானைட் மேடை வந்த பிறகும், அதே தட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. அவள் மாமியார் நல்லவள்தான், பயந்துவிட்டாள். உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னேன். நுரையீரலில் நோய் இல்லாதவரின் மூச்சில் இது பரவாது. தட்டிலும் டம்ளரிலும் எந்தக் காசநோயும் ஒட்டாது. இந்தியாவில் பதிவாகும் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியேதான் இருக்கிறது. சொல்லிவிட்டு, அந்த டம்ளரிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்தேன். தாத்தாவுக்காக யாரும் அப்படிக் குடித்ததில்லை.

ஆறு மாதத்தில் நோய் போனது, வலி போனது. குழாய்கள் திரும்பவில்லை. மருந்து கிருமியைக் கொல்லும், விழுந்த தழும்பை எடுக்காது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். சோதனைக்குழாய் முறையில் ஒருமுறை முயன்றார்கள், தங்கவில்லை. அதற்கு மேல் வேண்டாம் என்று இரண்டு பேரும் சேர்ந்தே முடிவு செய்தார்கள். இன்று அவள் வீட்டில் நாய்க்குட்டி ஒன்றும், மாடி நிறையச் செடிகளும் இருக்கின்றன. சொந்தக்காரர் கல்யாணங்களில் யாராவது ஆரம்பித்தால், "எனக்குக் கருக்குழாயில டி.பி. இருந்துச்சு, மருந்து சாப்பிட்டுக் குணமாயிடுச்சு" என்று நேராகச் சொல்கிறாள். கேட்டவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். இரண்டு முறை, இப்படி அவள் சொன்னதைக் கேட்ட பெண்கள் பிறகு தனியாக வந்து டாக்டரம்மா விலாசம் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

அத்தைக்கு இருந்தது இதுதான் என்று நிரூபிக்க என்னிடம் ஒரு சீட்டும் இல்லை. வேறு ஏதாவதாகவும் இருந்திருக்கலாம். குறை மாமாவிடமும் இருந்திருக்கலாம், அவரை யாரும் சோதிக்கவில்லை. ஆனால் இருமுகிற தகப்பனுக்குத் தோள் கொடுத்த சிறுமி, ஒரு நாளாகச் சுருங்கிப்போன தூரம், வலமும் இடமும் மாறி மாறி வைத்த ஒத்தடம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னபோது, டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நான் பார்த்திருந்தா கண்டிப்பா சந்தேகப்பட்டிருப்பேன்" என்றார். எனக்கு அது போதும்.

இதைப் படிக்கிறவர்களில் தூரம் வர வரக் குறைந்துகொண்டே போகிறவர்கள் இருப்பீர்கள். காரணம் தெரியாத அடிவயிற்று வலியோடு இருப்பவர்களும், குழந்தைக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறவர்களும் இருப்பீர்கள். அதற்கு வேறு காரணங்கள் பல இருக்கலாம், இதுவும் இருக்கலாம். வீட்டிலோ விடுதியிலோ எப்போதோ ஒருவருக்கு டி.பி. இருந்ததென்றால், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். கர்ப்பப்பையைச் சுத்தம் செய்கிறோம் என்றால், எடுப்பதைச் சோதனைக்கு அனுப்புவீர்களா என்று மயக்க ஊசி போடுமுன்பே கேளுங்கள்.